சந்தனப் பொட்டும் ஒரு சாம்பல் பட்டையும்

மென்பொருள் எழுதுகிறவனை, புதிதாக ஒன்றைச் சேர்த்ததற்காக யாரும் பாராட்டி அழைப்பதில்லை. ஏற்கெனவே சேர்த்ததை எடுக்கச் சொல்லித்தான் அழைப்பார்கள். நீங்களும் இதே பிழைப்பில் இருப்பவர் என்றால் இந்நேரம் தலையாட்டியிருப்பீர்கள். நான் மலாக்காவின் ஆயர் குரோவில் ஒரு சிறிய நிறுவனத்தில் இருக்கிறேன். லோரிகளை எடைபோடும் நிலையங்களுக்கான கணினிச் செயலி எங்களுடையது. ஐம்பதைத் தாண்டியபின் எனக்கு வந்த பெரிய சோதனை, விரல் அகலம்கூட இல்லாத ஒரு சாம்பல் பட்டையால் வந்தது.

பெயர்ப்பலகை

எங்கள் செயலியின் திரை பல கட்டங்களாகப் பிரிந்திருக்கும். ஒன்றில் எடை, ஒன்றில் லோரியின் எண், ஒன்றில் கேமரா படம். எல்லாக் கட்டங்களையும் நாங்களே செய்வதில்லை. வெளியாட்களும் பிளகின் என்ற சிறு இணைப்பை எழுதி, தங்கள் வாடிக்கையாளருக்கு வேண்டிய கட்டத்தை எங்கள் செயலிக்குள் பொருத்திக்கொள்ளலாம். யார் எழுதிய கட்டமானாலும் அதன் தலையில் நாங்கள் போட்ட பட்டை ஒன்று இருக்கும். அதுதான் டைட்டில் பார். இடது பக்கம் கட்டத்தின் பெயர், வலது மூலையில் மூடுவதற்கு ஒரு பெருக்கல் குறி.

தேவகி தஞ்சோங் கிளிங்கில் வீட்டிலிருந்தே பிளகின் எழுதுகிறவர். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொடங்கியவர். கோலா சுங்கை பாரு போகும் வழியில் எண்ணெய் பிழியும் செம்பனைக் குலை வாங்கும் நிலையம் ஒன்றுதான் அவருடைய முதல் வாடிக்கையாளர். அங்கே எடைக் கட்டம் திடீர் திடீரென்று மறைந்துவிடுகிறதாம். இன்னொரு முறை மறைந்தால் இதைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கருவிக்கே போய்விடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். முதல் வாடிக்கையாளர் போனால் இரண்டாவது ஆள் வரமாட்டார் என்பது தேவகிக்குத் தெரியும், எனக்கும் தெரியும்.

பிளகின் எழுதுகிறவர் விரும்பினால் தன் கட்டத்தின் பட்டையை மறைத்துக்கொள்ள வழி செய்யுங்கள் என்று கேட்டார். தவறிப்போய் யாரும் மூட முடியாது, எண்களும் பெரிதாகும், ஓட்டுநர் லோரியில் இருந்தபடியே சன்னல் வழியாகப் படிக்கலாம் என்றார். நான் முடியாது என்றேன். பட்டை இல்லாத கட்டம் பெயர்ப்பலகை இல்லாத கடை மாதிரி என்று ஒரு நீண்ட விளக்கமும் கொடுத்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, காலையில இருந்து கடைக்குள்ளயே உக்காந்திருக்கிறவங்களுக்குப் பெயர்ப்பலகை எதுக்குண்ணே?”

வெள்ளிக்கிழமை நோய்

யாரோ தவறி மூடுகிறார்கள் என்பது தேவகியின் ஊகம்தான், கட்டம் உண்மையில் ஏன் மறைகிறது என்று எங்களுக்குப் புரியவில்லை. எங்கள் அலுவலகத்தில் சோதனை பார்க்கும் சுரேஷ் மின்சாரத்தைச் சந்தேகித்தான், வயரைச் சந்தேகித்தான், பிறகு தேவகியின் நிரலைச் சந்தேகித்தான். புகார் வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வருகிறது என்பதை முதலில் கவனித்தவர் தேவகிதான். அதனால் ஒரு வெள்ளிக்கிழமை காலை, பசியாறாமலேயே காரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார்.

நிலையத்தில் கணக்கெழுதும் கிராணி செல்வி அக்கா. எல்லோருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. குளித்து, பூ வைத்து, கையில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தார். கிண்ணத்தில் குழைத்த சந்தனம். எங்கள் செயலி ஓடும் தொடுதிரையின் உச்சியில் போன வாரத்துச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத் துணியால் இடமிருந்து வலமாக அழுத்தித் துடைத்தார். துணி வலது மூலைக்குப் போனது. எடைக் கட்டம் மறைந்தது. வெளியே தராசின் மேல் ஒரு லோரி, குலைகளோடு நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அக்கா அதைக் கவனிக்கவில்லை. புதுப் பொட்டு வைப்பதில் முனைப்பாக இருந்தார்.

பழைய கருவியின் திரைக்குக் கறுப்பாகத் தடித்த சட்டம் இருந்தது, பொட்டு அதில் உட்கார்ந்தது. புதுத் திரை விளிம்புவரை கண்ணாடி. சட்டம் போய்விட்டது, பொட்டு போகவில்லை. வேறு இடத்தில் வைக்கக் கூடாதா அக்கா என்று நான் கேட்டிருக்கலாம். வாய்வரை வந்தது. தேவகி என்னைப் பார்த்த பார்வையில் அதை விழுங்கிவிட்டு, துணி படுகிற இடத்தில் மூடும் பொத்தான் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். செல்வி அக்கா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஏன் தம்பி, சாமிக்குப் பொட்டு வைக்கிற இடத்துலயா கொண்டாந்து கதவை வெச்சீங்க?”

நிச்சயமா?

அன்று மாலைவரை என் மேசையில் வேலை ஓடவில்லை. அந்தப் பட்டை யாருக்காக என்று என்னையே கேட்டுக்கொண்டிருந்தேன். பயன்படுத்துகிறவருக்காக என்றுதான் இத்தனை நாள் சொல்லிவந்தேன். ஆனால் செல்வி அக்கா அந்தப் பெயரை ஒருநாளும் படித்ததில்லை. பட்டையைப் பிடித்துக் கட்டத்தை இழுத்து நகர்த்தியதும் இல்லை. அப்படியானால் வேறு யாரோ எழுதிய கட்டத்தின் தலையிலும் நம் கை இருக்க வேண்டும் என்ற ஆசையா?

பயமும் இருந்தது. பட்டையை மறைக்கவிட்டால், பிறகு கட்டத்தை எப்படி மூடுவது, மூடியதை எங்கே தேடுவது? திட்டு எங்களுக்குத்தான் வரும். தேவகிக்கு இதை எழுதி அனுப்பலாம் என்று நினைத்தபோது அவரிடமிருந்தே செய்தி வந்தது. பட்டை மறைந்தாலும் கட்டத்தின் பெயரைக் கட்டாயம் கொடுக்க வேண்டும் என்று வையுங்கள், திரையின் அடியில் உள்ள மெனுவில் அந்தப் பெயரைத் தொட்டால் மூடவும் திறக்கவும் முடியட்டும், யாரும் கேட்காதவரை பட்டை இப்போது போலவே இருக்கட்டும் என்று எழுதியிருந்தார். தன் தலைக்கு மேல் கத்தி தொங்கும் நேரத்தில், மற்றவர்களுடைய பிளகின்களுக்கு என்ன ஆகும் என்றும் யோசித்திருக்கிறார். நான் அந்தச் செய்தியை இரண்டாம் முறை எழுந்து நின்று படித்தேன்.

அப்படியும் கடைசியாக ஒரு குறுக்குவழி தோன்றியது. பட்டை இருக்கட்டும், மூடும்போது மட்டும் ‘நிச்சயமாக மூடவா?’ என்று ஒரு கேள்வி எழுப்பலாமே. தே தாரிக் தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த சுரேஷிடம் சொன்னேன்.

“பொஸ், லோரி தராசு மேல நிக்குது, அக்கா சந்தனக் கையோட நிக்கிறாங்க, அப்பப் போயி நிச்சயமான்னு கேக்கப் போறீங்களா? ஹாரன் உங்களுக்குத்தான் லா.”

கேட்டது ஒன்று

நிரலில் எழுத வேண்டியிருந்தது மிகக் கொஞ்சம். பிளகின் எழுதுகிறவர் தன் கட்டத்தை அறிவிக்கும்போது ‘பட்டை வேண்டாம்’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும். சோதனைப் பதிப்பை எல்லாப் பிளகின்காரர்களுக்கும் அனுப்பினேன். முதலில் ஓடிவந்தவர் மலாக்கா டவுனில் மணல், கல் விற்கும் இடங்களுக்கு பிளகின் எழுதும் குணா. எங்கள் பட்டை அசிங்கம், அது வேண்டாம் என்று வெகுநாளாகக் குறை சொல்லிவந்தவர். அன்றே அதை மறைத்துவிட்டு எனக்குப் படம் அனுப்பினார்.

எங்கள் பட்டை இருந்த அதே இடத்தில், அதைவிட இரண்டு மடங்கு உயரமாக, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புதுப் பட்டை. ஆரஞ்சு எழுத்தில் அவர் பெயர். வலது மூலையில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு பெருக்கல் குறி. பட்டையே வேண்டாம் என்றுதானே இத்தனை நாள் சொல்லிவந்தீர்கள் என்றேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. அந்தத் தெளிவை என்னால் ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

“சார், உங்க பட்டை வேணாம்னுதான் சொன்னேன். பட்டையே வேணாம்னு எப்ப சொன்னேன்?”

மறு வெள்ளி

அடுத்த வெள்ளிக்கிழமை நிலையத்தில் முதலாளியும் இருந்தார். பழைய கருவியைத் துடைத்து, செல்வி அக்காவின் மேசை ஓரத்திலேயே தயாராக வைத்திருந்தார். தேவகி அதைப் பார்க்காதது போல் நின்றார். லோரி ஒன்று தராசில் ஏறியது. திரையின் மேல்பாதி முழுக்க எடை, அதற்கு மேல் வேறெதுவும் இல்லை.

செல்வி அக்கா ஈரத் துணியை எடுத்தார். இடமிருந்து வலமாக, எப்போதும்போல் அழுத்தி. மூலையில் ஒரு துளி காய்ந்த சந்தனம் ஒட்டியிருக்க, அதை நகத்தால் வேறு சுரண்டினார். எண்கள் அப்படியே இருந்தன. அக்கா பொட்டை வைத்துவிட்டு, கண்ணை மூடி ஒரு நொடி நின்று, எடையைக் குறித்துக்கொண்டு லோரிக்குக் கை காட்டினார். ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே திரையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். முதலாளி பழைய கருவியைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் வைத்துவிட்டு வந்தார்.

தேவகியின் கண் கலங்கியது போல் இருந்தது. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்து, அதெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நானும் தயாரானேன். அவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, கண்ணைச் சுருக்கி, எடைக் கட்டத்தின் ஓரத்தைப் பார்த்தார்.

“அண்ணே, சுத்தி ஒரு சின்னக் கோடு தெரியுதே, அதையும் எடுக்க வழி இருக்கா?”

திரையில் எதை வைக்கலாம் என்று யோசித்தே இவ்வளவு காலம் சம்பளம் வாங்கியவன், இப்போது எடுப்பதற்கு இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கத்தான் தினமும் அலுவலகம் போகிறேன்.