மஞ்சள் பூத்த தேயிலை

என் மனைவிக்கு அப்போது நாலாம் மாதம் தொடங்கியிருந்தது. முந்தின வருடம் ஒரு கரு தங்காமல் போயிருந்ததால், இந்த முறை அவள் இருமினாலே நான் ஓடிப்போய் என்னவென்று கேட்பேன். அவளுக்கோ தண்ணீர் குடித்தால்கூடத் திரும்பி வந்துவிடும்.

நாடு விட்டு வந்து, டண்டினொங் நகரில் ஒரு சீன அன்ரியின் வீட்டுப் பின்பக்கத்தில் குடியிருந்தோம். வாந்திச் சத்தம் அவருக்குச் சுவர் வழியே கேட்டிருக்க வேண்டும். ஒரு காலையில் கறுத்த தேநீர் ஒரு கிளாஸ் கொண்டுவந்து நீட்டினார். அது தங்கியது. மத்தியானம் அவளே சோறு கேட்டாள். அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் குசினியில்தான் எங்களுக்குத் தேநீர். ஊற்றிக் கொடுப்பது என் வேலை.

நான் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். அம்மா கொழுந்து பறித்தார். அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை; தேயிலை ஃபாக்டரியை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். இருந்தும் தூளும் சீனியும் போட்ட பிளேன்டீக்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. அன்ரியின் அலமாரியில் மூன்று மாகாணத்துத் தேயிலை இருந்தது. எல்லாமே புளிக்க வைத்தவை. யுன்னானின் வட்டுத் தேயிலை மழை விட்ட மண் தரை மாதிரி மணக்கும். குடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் தொண்டையில் இனிப்பு ஏறும். குவாங்சிக் கூடைத் தேயிலையில் பாக்கு வாசம். மனைவி முகர்ந்து பார்த்துவிட்டு, "வெத்தல மட்டுந்தாங்க குறை" என்று சிரித்தாள். அன்ரியின் சொந்த மாகாணமான ஹுனானின் தேயிலை, செங்கல்லாக இறுக்கியது. மற்ற இரண்டையும்போல் அதட்டாது. வைக்கோலும் காளானும் கலந்த வாசம், மெல்லிய தித்திப்பு. அவள் வயிறு ஏற்றுக்கொண்டது அதைத்தான்.

ஒரு சனிக்கிழமை அன்ரி புதுச் செங்கல் ஒன்றைத் தந்து, கத்தியால் பெயர்க்கச் சொன்னார். பெயர்ந்த பக்கத்தில், இலைகளுக்கு நடுவே மஞ்சள் மஞ்சளாகப் புள்ளிகள். கடுகைவிடச் சின்னவை.

பூஞ்சணம்.

ஈரம் பட்டுப் பூஞ்சணம் பிடித்த தேயிலையை உரக்குழியில் கொட்ட வேண்டும் என்று தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். போதாக்குறைக்கு நான் படித்தவன், எங்கள் வீட்டிலேயே முதல் ஆள். பூஞ்சணத்தின் நஞ்சு ஈரலை என்ன செய்யும், கருவை என்ன செய்யும் என்று பரீட்சைக்கு நெட்டுருப் போட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கத்தியைக் கீழே வைத்தேன்.

"அன்ரி, இது பழுதாகிவிட்டது" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

எட்டிப் பார்த்தவர் கைதட்டினார். "பூ! தங்கப் பூ! எவ்வளவு நிறைய!"

"பூ இல்லை அன்ரி, ஃபங்கஸ்."

"ஆமாம், ஆமாம், ஃபங்கஸ்!" அதே சந்தோஷம். "அது இல்லாவிட்டால் வாங்கவே மாட்டோம்" என்றபடி கேத்தலை அடுப்பில் வைத்தார்.

பழைய செங்கல்லின் மிச்சத்தைப் பிட்டுப் பார்த்தேன். அதிலும் அதே மஞ்சள். ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் ஓடினேன்.

"வா புள்ள, சும்மா டாக்டரப் பார்த்துட்டு வருவோம்."

"சும்மாவுக்கு ஏங்க இப்படி ஓடி வந்தீங்க?"

சொன்னேன். அவள் செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "முந்தினது போனப்ப நான் எதக் குடிச்சேன்?"

காரை எடுத்தேன். வழியில் சிவப்பு விளக்குகள் எல்லாம் எனக்கென்றே விழுந்தன.

டாக்டர் துண்டை முகர்ந்து பார்த்துவிட்டு, தனக்கு இது தெரியாது என்றார். நஞ்சு பற்றி விசாரிக்கும் இலக்கத்துக்கு எங்கள் முன்னாலேயே போன் செய்தார். அவர் "ம்ம்" என்று சொல்லும்போதெல்லாம் நான் அவர் புருவத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்த ஊரில் வேண்டுமென்றே வளர்ப்பதாம். கெடுதல் செய்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் தேநீர் தேநீர்தான், கஃபீன் இருக்கும்; ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள்."

"நிச்சயமா டாக்டர்?"

"நிச்சயம் என்று நான் எதையும் சொல்வதில்லை. வாருங்கள், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுப் பார்ப்போம்."

சின்ன ரேடியோ மாதிரி ஒரு கருவியை அவள் வயிற்றில் வைத்தார். வெறும் இரைச்சல். இடத்தை மாற்றினார். இரைச்சல். முந்தின வருடமும் இப்படித்தான் தேடினார்கள், தேடிக்கொண்டே இருந்தார்கள். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு என் விரல்களை நெரித்தாள்.

இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினார். டக்டக்டக்டக் என்று, யாரோ அவசரமாக ஓடுவதுபோல.

டாக்டர் கருவியை எடுக்கப் போனார்.

"இன்னும் கொஞ்ச நேரம் வையுங்கள்" என்றேன். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். அவர் மறுபடி வைத்தார்.