இத்தா வீட்டுச் சமையல்

"அடுத்த வீட்டில் சமைக்கப் போகிறவள் அந்த வீட்டு மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டாம், கழுவ வருகிற தட்டைப் பார்த்தால் போதும்" என்று எனக்கு முதலில் சொன்னது ரஹ்மத் லாத்தா, வயதில் மூத்த அக்கா. நான் பஹ்ரைனுக்கு வந்த முதல் வாரம், மனாமாவில் ஆறு பெண்கள் தங்கியிருந்த ரூமில் வைத்துச் சொன்னார். பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு இன்னமும் ஊரார் அடுப்பில் நிற்கிற சகோதரிகளே, உங்களுக்கும் இது தெரிந்திருக்கும். வெங்காயம் உரிப்பது பெரிய வேலை இல்லை. நடப்பதைப் பார்த்தும் பாராதது போலச் சட்டியைக் கிண்டுவதுதான் வேலை.

ஒரு போன்

நான் சமைக்கப் போன வீட்டு நஸீமாவும் ஹாஜாவும் தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகப் போகிறது. ஹாஜா தம்பிக்கு சூக்குக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. நஸீமா டீச்சருக்குப் படித்தவள். ஈசா டவுன் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேலை கேட்டு எழுதிப் போட்டிருந்தாள். அங்கிருந்து போன் வந்தபோது அவள் குளித்துக்கொண்டிருந்தாள். தம்பி எடுத்து, "அவ வரல" என்று சொல்லி வைத்துவிட்டார். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்று நாள் கழித்து அவளே அங்கே விசாரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. நான் விளைமீன் பொரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் சத்தம் ஏறியது. அவள் ஒன்று சொல்ல, அவர் ஒன்று சொல்ல, கடைசியில் அந்த வார்த்தையையும் சொல்லிவிட்டார். ஒரு தலாக். மீன் கருகிப் போனது. கொஞ்ச நேரம் கழித்து அவரே அடுப்படிக்கு வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "மாமி, இன்னையிலேர்ந்து ரெண்டு தட்டா வைங்க" என்றார்.

மூன்று மாசம்

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு தலாக்கோடு எல்லாம் முடிந்துவிடாது. அதன் பிறகு அந்தப் பெண் இத்தா என்கிற காத்திருப்புக் காலம் இருக்க வேண்டும், அதுவும் மாப்பிள்ளை வீட்டிலேயே. அந்தக் காலத்துக்குள் அவர், "உன்னைத் திரும்ப எடுத்துக்கிட்டேன்" என்று வாய்விட்டுச் சொன்னால் போதும், பழையபடி புருஷன் பெண்டாட்டிதான். தாண்டிவிட்டால் புதிதாக நிக்காஹ் செய்ய வேண்டும், அதற்கு அவள் சம்மதிக்க வேண்டும். மாதவிடாய் வருகிற பெண்ணுக்கு இதை மாதக் கணக்கில் எண்ணுவதில்லை. நாங்கள் பின்பற்றும் மத்ஹபின் சட்டப்படி, மூன்றாவது தடவை அந்தத் தொழுகை இல்லாத விலக்கு நாள் வந்த உடனே இத்தா முடிந்துவிடும்.

ஹாஜா தம்பி கடைக் காலண்டரில் மூன்று மாசம் தள்ளி ஒரு தேதியை வட்டம் போட்டிருந்தார். மார்க்கம் ஓதின பிள்ளை, அவருக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். அந்தப் பேச்சை ஒரு ஆம்பிளையிடம் எடுக்க எனக்குக் கூச்சமும்கூட. "தம்பி, சீக்கிரம் ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன்" என்று மட்டும் கேட்டேன். "அவ கோவம் ஆறட்டும் மாமி. அதான் மூணு மாசம் கெடக்குல்ல."

கறுப்பு வெள்ளைப் படம்

தம்பிக்குப் பழைய இங்கிலீஷ் படம் என்றால் உயிர். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாலில் ஒன்றைப் போட்டார். கறுப்பு வெள்ளை. கோட்டுப் போட்ட ஒரு வெள்ளைக்காரர், வெடுக்கு வெடுக்கென்று பேசும் ஒரு பெண். சண்டை, வக்கீல், விவாகரத்து. எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. நஸீமா அறைக் கதவை நாலு விரல் அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு உள்ளே தரையில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்த படமாம்.

அவர் சிரித்த இடத்தில் அவளும் சிரித்தாள். நடுவில் டீ கிளாஸோடு நான். யா அல்லாஹ், இப்போதாவது அந்த வாயைத் திறக்கச் செய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே நின்றேன். படம் முடிந்தது. அவர் டிவியை அணைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். "அந்த ரெண்டு பேரும் சேர்ந்துட்டாங்களா புள்ள?" என்று கேட்டேன். நஸீமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "படத்துல சேராம என்ன மாமி, ஒன்றரை மணி நேரத்துக்குள்ள முடிக்கணுமே."

மடித்துக் கிடந்த முஸல்லா

அவள் அறையைப் பெருக்கும்போது தொழுகை விரிப்பைப் பார்ப்பேன். விரித்துக் கிடந்தால் தொழுகிறாள். மடித்தபடி நாலைந்து நாள் கிடந்தால் அந்த நாட்கள். முதல் தடவை மடித்துக் கிடந்தது. பிறகு இரண்டாவது தடவையும். அன்றைக்கு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எதுவும் சொன்னாஹளா மாமி?" என்று கேட்டாள்.

சொல்லியிருந்தார். ஆனால் என்னிடம் சத்தியம் வாங்கியல்லவா சொல்லியிருந்தார்! அரிசி டின்னுக்குப் பின்னால் ஒரு வளையல் பெட்டியை ஒளித்து வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார். கல்யாண நாள் வருகிறது, அன்றைக்குத்தான் வாயைத் திறப்பாராம். "தம்பி, அதுவரைக்கும் நாள் தாங்காது" என்று அப்போதே சொல்ல வந்தேன். நாக்கு நுனியில் நின்றது. இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. அவர் அடுப்படி வாசலில் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு சொன்னார்: "திடீர்னு சொல்லணும் மாமி, அவ அப்படியே அசந்து போயிரணும்."

மூன்றாவது தடவை

கல்யாண நாளுக்கு நாலு நாள் இருக்கும்போது முஸல்லா மறுபடி மடித்துக் கிடந்தது. நஸீமா அடுப்படிக்கு வந்து வெந்நீர் கேட்டாள். "முடிஞ்சிருச்சு மாமி" என்றாள். வளையல் பெட்டியைப் பற்றி அப்போதுதான் உளறினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, அரிசி டின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "காலண்டரப் பாத்தாஹ, என்னப் பாக்கலியே மாமி."

கல்யாண நாள்

தம்பி புதுச் சட்டை போட்டு, அத்தர் பூசி, கதவுக்கு வெளியே நின்று, திரும்ப எடுத்துக்கொண்டேன் என்கிற வார்த்தையைச் சொன்னார். உள்ளிருந்து அவள் மெதுவாக, இத்தா முடிந்து நாலு நாள் ஆகிவிட்டது என்றாள். அவர் நம்பவில்லை. ஊர்ப் பள்ளிவாசல் ஹஸ்ரத்துக்குப் போன் போட்டார். புதிதாக நிக்காஹ்தான் செய்ய வேண்டும், போய் அந்தப் பிள்ளையிடம் கேளுங்கள் என்று ஹஸ்ரத் தெளிவாகச் சொன்னது ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது.

அப்புறம் அவர் என்ன செய்தார் தெரியுமா? கதவு பத்தடி தூரத்தில் இருக்கிறது. தொண்டியில் இருக்கிற மாமனாருக்குப் போன் போட்டுக் கேட்டார்! அவரும் சந்தோஷமாகச் சரி என்றார். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன். "போன தடவையும் வாப்பாட்டதான் கேட்டாஹ. இந்தத் தடவை என்னையல்ல மாமி கேக்கணும்?"

லிஃப்ட்

இனி அவர்கள் புருஷன் பெண்டாட்டி இல்லையே, அன்று முதல் அவள் அறையில் துணைக்கு நானும் படுத்தேன். மூன்று நாள் அவர் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். "நீங்க கேட்டுப் பாருங்க மாமி" என்று என்னை அனுப்பினார். நான் போய்க் கேட்டேன். அவள், "அவுஹ வந்து கேக்கட்டும், நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்" என்றாள். அதையும் அப்படியே வந்து சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "நான் எப்படி மாமி..." என்றார். கடைசியில் அவளே ஊருக்கு டிக்கெட் போட்டுவிட்டாள்.

பெட்டியை லிஃப்ட் வரைக்கும் அவர்தான் தூக்கி வந்தார். அவள் உள்ளே போய்த் திரும்பி நின்றாள். பொத்தானை அமுக்காமல் நின்றாள். நான் மனசுக்குள் நபி பேரில் ஸலவாத்து ஓதினேன். அவர் உதடு இரண்டு தடவை அசைந்தது. மூன்றாவது தடவை சத்தம் வந்தது. "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?"

தலாக் சொன்ன பிறகு எழுபது சொச்சம் நாள் ஒரே கூரையின் கீழே இருந்து, அந்தத் தம்பி தன் பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் கேட்ட ஒரே கேள்வி அதுதான், அதுவும் பெண்டாட்டி இல்லையென்று ஆன பிறகு. அடுத்த தொழுகையில் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு துஆ கேளுங்கள், வேறொன்றும் வேண்டாம்.