அண்ணன் மிச்சம் பிடித்த டீசல்

அண்ணன் ஆண்டவரிடம் போய் ஓராண்டு நிறைகிறது. நினைவுப் பூசைக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அவரைப் பற்றி அமைதியாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபமும் அழுகையும்தான் வருகின்றன.

காஹாங் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே கண்ணை மூடிவிட்டதால் படிப்பை விட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். தங்கையான என்னைப் படிக்க வைத்தார். பழைய டீசல் பிக்கப் ஒன்றை வாங்கி, சிறுதோட்டக்காரர்களின், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு போய் விற்குமிடத்தில் சேர்த்தார். வீட்டில் அடுப்பு எரிந்தது அந்த வண்டியால்தான். மணமாகாத எனக்கு அண்ணன் வீடுதான் வீடு. என் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன பிறகு, வாரத்துக்கு மூன்று முறை குளுவாங் டவுனுக்கு டயாலிசிஸ் செய்ய அதே வண்டியில்தான் கூட்டிப் போனார். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை.

டீசல் விலை ஏறியதும் அண்ணனுக்கு வெறி பிடித்ததுபோல் ஆகிவிட்டது. வண்டியில் ஏர்கோன் போடுவது நின்றது. கனம் குறையட்டும் என்று பின்னால் இருந்த இரும்புச் சட்டத்தைக் கழற்றிப் போட்டார். காலையில் காப்பி குடிக்கிறாரோ இல்லையோ, டயருக்குக் காற்றுப் பார்ப்பார். என்னை இறக்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் டீசல் வீண் என்று, சிகிச்சை முடியும்வரை வெயிலில் வண்டியிலேயே கிடப்பார். நான் தள்ளாடி வெளியே வந்தால் கிண்டல் வேறு.

"ஒடம்புல இருந்த தண்ணிய எடுத்துட்டாங்கல்ல? இப்ப வண்டி லேசா போகும் பாரு!"

இதெல்லாம் சரி. ஒன்றுதான் சரியில்லை. இறக்கம் வந்தால் ஃப்ரீ கியரில் போட்டு இன்ஜினையே அணைத்துவிடுவார். வண்டி சத்தமில்லாமல் உருளும். நான் கத்துவேன்.

"அண்ணே, வேணாம். ஒரு நாளைக்கு இது ஆளக் கொல்லப் போவுது."

"சும்மா இரு லா. இப்படி எறங்கினா ஒரு சொட்டு டீசல் ஆகாது. அடுத்த வாட்டியும் ஒன்னைய கூட்டிட்டுப் போகணுமில்ல?"

அடுத்த முறையும் அதே வண்டியில்தான் ஏறி உட்கார்ந்தேன்.

மழை விட்ட ஒரு மதியம், வண்டி நிறைய குலையுடன் தோட்டத்து மேட்டிலிருந்து அப்படித்தான் இறங்கினார். அன்று அவர் தனியாகப் போயிருந்தார். பின்னாலிருந்த பாரம் தள்ளியது. இன்ஜின் ஓடாததால் பிரேக் மிதி கல்லாக இறுகி அமுங்கவில்லை, ஸ்டியரிங்கும் திரும்பவில்லை. வண்டி செம்பனை மரத்தில் போய் மோதியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்கூட அண்ணன் காத்திருக்கவில்லை.

அடக்கத்தன்று, அந்த வண்டியைப் பல வருடமாகப் பார்த்து வந்த மெக்கானிக் பெட்டியருகே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"அலமாக், ஐயோ, என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா! கியர்லயே வச்சு, ஆக்ஸிலேட்டர மிதிக்காம எறங்கினாலே அந்த இன்ஜினுக்கு டீசல் போகாதும்மா. அணைக்கவே வேணாம்."

அணைக்கவே வேண்டாமாம்! ஒன்றுமே இல்லாத மிச்சத்துக்கு என் அண்ணனைக் கொடுத்துவிட்டோம். கடவுளே, இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்? பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். இறக்கத்தில் இன்ஜினை அணைக்காதீர்கள். உங்களை நம்பியும் வீட்டில் ஓர் ஆள் இருப்பார்.

பெட்டியைச் சுமந்த அண்ணனின் தோழர்களுக்கும், எங்களோடு உட்கார்ந்து செபமாலை சொன்ன பங்கு மக்களுக்கும், வாடகை கேட்காமல் காரைக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அண்ணிக்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.

அடக்கத்துக்கு மறுநாள் எனக்கு டயாலிசிஸ். நான் பாயை விட்டு எழவில்லை. "என்னால ஒருத்தர் போனது போதும் அண்ணி. இனிமே நான் போகல" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அண்ணி பக்கத்து வீட்டுக் காரை வாசலில் கொண்டு வந்து நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். அழுதழுது முகம் வீங்கியிருந்தது. என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"எழுந்திரு. நேத்துதான் ஒருத்தர மண்ணுல வச்சிட்டு வந்தேன். இன்னொருத்தர வைக்க எனக்குத் தெம்பு இல்ல. வா."

எழுந்து போனேன்.