சீனிச்சாமி அண்ணனின் வாசல் கேமரா

எங்கள் எதிர்வீட்டுச் சீனிச்சாமி அண்ணன் கேமரா வாங்கியது திருடனுக்குப் பயந்து இல்லை. அந்த வீட்டுக்குத் திருட வருகிறவன் ஏமாந்துதான் போவான். அவர் பயந்தது கூடப்பிறந்த அக்காவுக்கு.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் காமயகவுண்டன்பட்டியில் புது வீடு கட்டிப் பால் காய்ச்சினார். ஆண்டிபட்டியில் கட்டிக்கொடுத்த அக்கா அய்யம்மாள், குத்துவிளக்கோடு வந்து வாசலில் நின்றார். அண்ணன் மாடியில் ஏறி மைக் செட் குழாயைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி அடுப்படியில். 'வாங்க' என்று சொல்ல வாசலில் ஒரு நாதியில்லை. அக்கா விளக்கைப் படியில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டார். அதோடு அந்த வாசலை மிதிக்கவில்லை. அண்ணன் ஆண்டிபட்டிக்கே போய்க் கெஞ்சினார். "கூப்பிட வேண்டிய எடம் இது இல்லப்பா, ஒன் வாசலு" என்று மோர் கொடுத்து அனுப்பிவிட்டார் அக்கா.

இந்த வைகாசியில் அக்கா மகள் திரிஷாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை வைக்க அக்கா நேரில் வருவதாகத் தகவல் வந்தது. எந்த நாள் என்று சொல்லவில்லை. வாசலில் 'வாங்க' கேட்டால் தட்டோடு உள்ளே வருவார். கேட்காவிட்டால் பத்திரிகையைக் கேட்டில் சொருகிவிட்டுப் போய்விடுவார். சொருகிய பத்திரிகையை வைத்துக்கொண்டு தாய்மாமன் மேடையேறி மாலை போட முடியுமா? அண்ணனுக்குப் பிள்ளை கிடையாது. திரிஷா பிறந்தபோது நாக்கில் முதல் இனிப்பாகச் சேனை தொட்டு வைத்தவர் அவர்தான். "என்னைய ஊர்க்காரனோட ஊர்க்காரனா பந்தியில உக்கார வச்சிருவாகளேப்பா" என்று என்னிடம் அழுதார்.

வீட்டில் ஆள் இருந்தால் தீர்ந்தது. ஆனால் அது திராட்சை வெட்டு நேரம். விடியும் முன்பே அண்ணன் தோட்டத்தில் இருக்க வேண்டும். அவர் மனைவி ஜீப்பில் மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். அதனால்தான் கேமரா.

கம்பத்தில் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். கேட் பக்கம் பிளக் கிடையாது, அதனால் சிம் போட்டு பேட்டரியில் ஓடுவதுதான் சரி என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். இருட்டிலும் கலராகத் தெரியும், திருடன் மூஞ்சியில் மச்சம் இருந்தால் அதுவும் தெரியும் என்றார்.

"திருடன் வந்தா வந்துட்டுப் போறான். நான் தோட்டத்துல இருந்து பேசினா வாசல்ல நல்லாக் கேக்குமா?"

கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தேன்.

அண்ணன் செல்போனோடு தெருவுக்குப் போய் 'வாங்க' என்றார். நான் கடைக்குள் ஒவ்வொரு கேமராவாகக் காது கொடுத்தேன். ஒன்றில் அவர் பானைக்குள் தலையை விட்டுப் பேசுவது மாதிரி இருந்தது. இன்னொன்றில் கரகரப்பு. மூன்றாவதில் அவர் குரல் அவர் குரலாகவே வந்தது.

"பாசம் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுதுண்ணே" என்றேன். எனக்குப் பசி.

ஆள் அசைந்தால் மட்டும் கேமரா முழிக்கும், மற்ற நேரம் தூங்கும், ஒரு சார்ஜ் மாதக்கணக்கில் வரும் என்று சொல்லித்தான் விற்றார்கள். எங்கள் தெருவில் எது அசையாமல் இருக்கிறது? ஆடு, கோழி, கொடியில் சேலை, போதாததற்கு மேல்காற்று. ஒவ்வொரு அசைவுக்கும் தோட்டத்தில் அண்ணன் போன் கத்தும். கையில் கத்திரி இருப்பதால் யாரென்று பார்க்காமலே, "வாங்க வாங்க, சாப்டீகளா?" என்று விடுவார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர், "சாப்பிட்டேன் சார், கதவைத் திறங்க" என்று வெகுநேரம் நின்றார். ஆடுகள் பழகிவிட்டன. குரல் கேட்டதும் உள்ளே போய் முருங்கைக் கன்றைத் தின்றன. மாதக்கணக்கு சார்ஜ் மறுநாளே படுத்துவிட்டது.

சோலார் தகடு வாங்கி மாட்டினார். மேற்கே சாரல் மேகம் மூடிக்கொண்டது. பக்கத்து வீட்டுத் தென்னை மட்டை நிழல் விழுகிறதென்று காலில் விழாத குறையாக வெட்டச் சொன்னார். ராத்திரி கழற்றிச் சார்ஜ் ஏற்றி, காலையில் மாட்டிப் பார்த்தார். பகல் முழுக்கத் தெருவே அதைக் காலி பண்ணியது. விஷயம் பரவி, வேலை இல்லாதவர்கள் 'வாங்க' கேட்பதற்கென்றே அந்த வழியாக வந்தார்கள். கருத்தக்கண்ணன் என்று ஒருவர், அவர் வீட்டில் அவரை ஏனென்று கேட்க ஆளில்லை. தினமும் வந்து கேமரா முன்னால் குத்தவைத்து மருமகள் கதையைச் சொல்வார்.

"பேசாம இருண்ணே, சார்ஜ் போகுதுல்ல" என்று நான் சீனிச்சாமி அண்ணனிடம் சண்டை போட்டேன்.

"வாசலுக்கு வந்தவுகள எப்படிப்பா கூப்பிடாம இருக்கறது? அதுனாலதான இவ்வளவும் வந்துச்சு!"

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆளிடம் என்ன பேசுவது?

அன்றைக்கும் கருத்தக்கண்ணன் வந்து பேசித் தீர்த்துவிட்டு எழுந்து போனார். பின்னாலேயே ஆட்டோ வந்து நின்றது. கையில் மஞ்சள் பை, தாம்பாளத்தோடு அய்யம்மாள் அக்கா. நான் பதறிப்போய், "வாங்கக்கா!" என்றேன்.

"நான் ஒங்க வீட்டுக்கு வரல" என்று சொல்லிவிட்டு அவர் கேட்டருகே போனார்.

"வாக்கா! வா வா!" என்றது கேமரா.

அக்கா அண்ணாந்து பார்த்தார். "எங்கடா இருக்க?"

"தோட்டத்துலக்கா. போன்ல ஒன்னையப் பாத்துட்டேன், இந்தா வந்துர்றேன்."

"இப்பத்தேன் வாய் வந்துச்சாக்கும்?" என்று பையைக் கீழே வைத்தார் அக்கா. பிறகு ஆரம்பித்தார். பால் காய்ச்சிய நாளில் இருந்து ஒன்றுவிடாமல் கேமராவைப் பார்த்துச் சொன்னார். அங்கே அண்ணன் போனில் கேமராவின் சார்ஜ் இறங்கிக்கொண்டே வருவது தெரிந்திருக்கிறது. குறுக்கே பேசினால் அதற்கும் ஒரு எட்டு வருஷம் ஆகுமென்று வாயை மூடிக்கொண்டு வண்டியை எடுத்திருக்கிறார். குத்துவிளக்குக் கட்டத்தில் கேமராவின் நீல விளக்கு அணைந்துவிட்டது. அக்காவுக்குத் தெரியவில்லை. அணைந்த கேமராவைப் பார்த்துத்தான் அவர் அழுதார். நான் போய்ச் சொல்லியிருக்கலாம். எட்டு வருஷம் சேர்த்து வைத்ததைப் பாதியில் நிறுத்த எனக்கு மனசு வரவில்லை.

அண்ணன் வண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். அக்கா முன்னால் நின்று வாயைத் திறந்தார். ஊர் ஆட்டுக்கெல்லாம் சொன்ன வார்த்தை வரவில்லை.

"நான் சொன்னதெல்லாம் கேட்டியா?" என்றார் அக்கா.

"வெளக்க வச்ச வரைக்குந்தேன். அதோட சார்ஜ் போயிருச்சுக்கா."

"அழுதது?"

"கேக்கல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "வா. வந்து கதவைத் தெற."

அண்ணன் சட்டைப்பையைத் தடவினார். இடுப்பைத் தடவினார். கூப்பிடுவதற்கு அத்தனை ஏற்பாடு செய்த மனுஷன், கூப்பிட்ட ஆள் உள்ளே போக ஒரு வழியும் செய்து வைக்கவில்லை.

"சாவி அவகிட்ட இருக்குக்கா. ஜீப்பு சாயங்காலந்தேன் வரும்."

அக்கா படியில் உட்கார்ந்து, பத்திரிகைத் தாம்பாளத்தைத் தம்பி மடியில் வைத்தார்.

"அப்ப மொதல்ல இருந்து சொல்றேன், கேளு" என்றார்.