இருபது மஞ்சள் கோடுகள்

"டக்."

அந்தச் சத்தம் வந்ததும் அவர் நீளமான ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓர் அடி பின்னால் நகர்கிறார். அவருடைய மனைவி குனிந்து, பெயின்ட் பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இப்போது இறுக்கிய கார்ச் சக்கர நட்டின் தலையில் ஒரு மஞ்சள் கோடு இழுக்கிறார். அவர் அடுத்த நட்டுக்குப் போகிறார். டக். கோடு. ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு, நாலு சக்கரத்துக்கு இருபது. இருபதும் முடிகிற வரை இருவரும் வாயைத் திறப்பதில்லை. நடுவில் நான் ஏதோ கேட்டுவைத்தேன். "முடியட்டும் சார்" என்றார், என்னைப் பார்க்காமலே. ஸ்பேனர், ஜாக்கி, சுத்தியல் எல்லாம் அவர் கையில் சர்வ சாதாரணமாகப் புரளும். அந்தப் பேனாவை மட்டும் அவர் தொடுவதில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள எனக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

வயது நாற்பத்தாறு. தொழில், லிஃப்ட் பராமரிப்பு. முப்பத்திரண்டு லிஃப்டுகள் அவர் பொறுப்பில் ஓடுகின்றன. "உள்ள ஏறுறவன் போன்ல பேசிக்கிட்டே மேல போறான். கயித்த யாரு பாத்தாங்கன்னு அவன் கேக்கவா போறான்? கேக்கக் கூடாது சார். கேட்டான்னா நம்ம வேல சரியில்லன்னு அர்த்தம்" என்பார். சொந்த வேலையாக எங்காவது போனால், எட்டு மாடியானாலும் படியேறித்தான் போகிறார். லிஃப்டில் ஏறினால் காது தன்னால் வேலை பார்க்க ஆரம்பித்துவிடுமாம். லீவு நாளில் அது எதற்கு என்கிறார். இறுக்கிய போல்ட்டின் மேல் அடையாளத்துக்கு உடனே கோடு போடுவது அந்தத் தொழிலில் படிந்த வழக்கம். கார்ப் பந்தய ஓடுபாதைக்கு வருகிறவர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயரே மஞ்சக்கோடு.

மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். வாரத்தில் ஐந்து நாள், பதினேழு பிள்ளைகளை வைத்துக்கொண்டு முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதவர். பின்னால் வருகிறவன் ஹாரனை அலறவிட்டால், "அடிச்சுக்கட்டும், அவங்க அப்பன் வீட்டு ஹாரன்" என்று ஓரக்கண்ணால்கூடப் பார்க்கமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும் ஊருக்கு வெளியே இருக்கும் ஓடுபாதையில் அந்த அம்மாவின் கதையே வேறு. அங்கே கூடுகிறவர்கள் எல்லாரும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவர்கள்தான். ஒவ்வொரு வண்டியாக விட்டு நேரம் பார்க்கிறார்கள். பரிசு ஒரு தகரக் கோப்பை. அதற்காக இவர்கள் படுகிற பாடு இருக்கிறதே, எனக்கென்றால் முதல் வாரமே போங்கடா என்று வீட்டுக்கு வந்திருப்பேன்.

வண்டி, பதினோரு வயதான ஸ்போர்ட்ஸ் செடான். நாலு கதவு, கருநீலம், இடது பின்கதவில் ஓர் ஒடுக்கு. வேகத்துக்கு ஆசைப்பட்டு வாங்கிய ஒரு டாக்டர் முதுகுவலி வந்து விற்றது. பந்தயத்துக்கு வேண்டாததையெல்லாம் கழற்றி எடை குறைத்தார்கள். எடுத்தது ஒவ்வொன்றும் எத்தனை கிலோ என்று வண்டி நிற்கும் ஷெட்டின் சுவரில் சாக்பீஸால் எழுதியிருக்கிறது. ஏசி, தரைவிரிப்பு, ஸ்பீக்கர்கள், கதவு அட்டைகள். பின்சீட்டைத் தூக்கியபோது அடியில் ஒரு சீப்பு, ஒரு குழந்தையின் ஒற்றைக் காலுறை, சதுரங்கச் சிப்பாய் ஒன்று கிடைத்தன. தூக்கி எறிய மனம் வராமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அந்தப் பின்சீட்டுதான் இப்போது அவர்கள் வீட்டுக் கூடத்தில் சோபா. பெல்ட்டுகூட அப்படியே இருக்கிறது. முதல் நாள் நான் அதில் உட்கார்ந்ததும், "பெல்ட்ட போட்டுக்குங்க சார், எங்க வீட்டுச் சட்டம்" என்றார் அந்த அம்மா, முகத்தில் சிரிப்பே இல்லாமல். நானும் மடையன் மாதிரி போட்டுக்கொண்டேன். "அவரு கழட்டாம விட்டது என்னை மட்டும்தான். எடை மட்டும் பாத்துட்டாரு."

அவர் பந்தயத்தில் ஓட்டுவதில்லை. "எனக்குப் பயம் சார். இதுல என்ன வெக்கம்" என்று பளிச்சென்று சொல்லிவிட்டார். மனைவி ஓடுபாதையில் இருக்கும்போது அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த வளைவு, எந்த கியர் என்று விரலை மடக்குவார். அவருடைய வேலையெல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு பந்தயத்துக்கும் புது எஞ்சின் ஆயில், புது பிரேக் ஆயில். பிரேக் சூடேறி அந்த ஆயில் கொதித்துவிட்டால் பெடல் பஞ்சு போல உள்ளே போய்விடுமாம். அதை மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் கீழே படுத்துக் குழாய்த் திருகைத் திறந்து, காற்றுக் குமிழி போனதும் மூட வேண்டும்.

"அமுக்கு."

"அமுக்கிட்டேன்."

"விடு."

"விட்டாச்சு."

ஒரு சக்கரத்துக்குப் பத்துத் தடவையாவது இது நடக்கும். சண்டை போட்டுக்கொண்ட நாளிலும் இந்த நாலு வார்த்தையைப் பேசித்தான் ஆக வேண்டும். "அதனாலயே எங்க சண்டை எதுவும் ஒரு மாசத்தத் தாண்டினதில்ல" என்கிறார் அந்த அம்மா.

போன வருடம் அதுவும் நின்றுபோனது.

அன்றைக்கு முன்பக்க இடது சக்கரத்தைக் கடைசியாக மாட்டினார். ஜாக்கியில் வண்டி தூக்கியிருக்கும்போது நட்டுகளைச் சாதாரண ஸ்பேனரால் பிடிக்க வைப்பார்கள். வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான், போதிய இறுக்கம் வந்தால் டக்கென்று சத்தம் கொடுக்கும் அந்த நீளமான டார்க் ரெஞ்சால் முழுதாக இறுக்குவது. அதற்குள் தூறல் விழுந்தது. ஈர இரும்பில் பெயின்ட் ஒட்டாது. நனைவதற்குள் கோட்டை மட்டும் முதலில் போட்டுவிடலாம், பிறகு இறுக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தார். இருபது வருடத்தில் முதல் தடவையாக வரிசையை மாற்றினார். ஐந்து கோடு போட்டார், வண்டியை இறக்கினார். தூறல் வலுத்தது. கருவிகள் நனைகின்றனவே என்று ஓடிப்போய்த் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டுத் திரும்பி வந்தார். சக்கரத்தில் ஐந்து மஞ்சள் கோடுகள் இருந்தன. ஆயிற்று என்று கையைக் காட்டினார்.

மூன்றாம் வளைவில் சக்கரம் கழன்று தனியாக ஓடியது. வண்டி டயர்ச் சுவரில் மோதியது. மனைவிக்குக் கழுத்தெலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன.

"என் கோட்ட நானே நம்பிட்டேன் சார்" என்றார் என்னிடம். அதைச் சொல்லும்போது அவர் கை தன்னையறியாமல் சட்டைப்பைக்குப் போனது. அந்தப் பேனா வருடக்கணக்காக அங்கேதான் இருந்திருக்கிறது. கசிந்து கசிந்து, பையின் அடியில் எந்தச் சோப்புக்கும் போகாத மஞ்சள் கறை. பை காலியாக இருந்தது.

பந்தயம் நடத்தும் குழுவினர் வண்டியைப் பார்த்துவிட்டு, பழைய வண்டி, சக்கரம் மாட்டும் திருகுகள் தேய்ந்து முறிந்திருக்கும் என்று அறிக்கை எழுதினார்கள். விஷயம் அதோடு முடிந்திருக்கும். இவர் மறுநாள் காலையில் அவர்கள் அலுவலகத்துக்குப் போய் நின்றார். வண்டிகளைச் சோதிக்கிற பெரியவர்தான் எனக்கு இதைச் சொன்னார். "யாருமே உங்கள ஒண்ணும் கேக்கலையேய்யா, நீங்களா ஏன் வந்து மாட்டிக்கிறீங்கன்னேன். 'பேப்பர்ல வண்டி மேல பழியப் போட்டிருக்கீங்க. வண்டி ஒண்ணும் பண்ணல. நான் முறுக்கல. அத எழுதுங்க'ன்னாரு. எழுதி முடிக்கிற வரைக்கும் உக்காரவே இல்ல." அந்தத் தாளின் நகல் ஷெட்டில், டார்க் ரெஞ்ச் மாட்டியிருக்கும் ஆணியிலேயே தொங்குகிறது. ரெஞ்சை எடுக்க வேண்டுமென்றால் முதலில் தாளைத் தள்ள வேண்டும்.

மனைவியிடமும் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார். அந்த அம்மா பத்து நாள் அவரோடு பேசவில்லை. "கோவமா?" என்று கேட்டேன். "பின்ன? வயிறெரிஞ்சுது சார். வெளியாளு பண்ணியிருந்தா திட்டித் தீத்திருப்பேன். இவர என்னத்தச் சொல்றது? மூச்சு விட்டாலே விலா வலிக்குது, அழக்கூட முடியல." அந்த அம்மாவின் தம்பி டயர் கடை வைத்திருக்கிறார். பந்தய நாள்களில் ஜாக்கி போடுவது அவர்தான். அக்காவைப் பார்க்க வந்தவர் வராந்தாவில் இவரை நிறுத்தி, "மாமா, இனிமே நீங்க அந்த வண்டில கை வெக்கக் கூடாது" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். இவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு ஷெட்டைப் பூட்டிச் சாவியை மைத்துனரிடமே கொடுத்தும்விட்டார். வேலைக்குப் போனார், வந்தார். லிஃப்டுகளில் ஒரே போல்ட்டை மூன்று தடவை சோதிக்கிறார் என்று கம்பெனியில் பேச்சு எழுந்தது.

பதினோராம் நாள் அந்த அம்மா வாயைத் திறந்தார். "ஏங்க, இங்க வாங்க. நீங்க முறுக்குங்க. கோடு இனிமே நான் போடறேன். சத்தம் என் காதுல விழுந்தாத்தான் போடுவேன்." அவ்வளவுதான். மன்னித்தேன் என்ற பேச்சே அங்கே வரவில்லை. அவரும் கேட்கவில்லை.

வண்டியை மறுபடி நிமிர்த்த ஏழு மாதம் ஆயிற்று. முன்பக்கச் சக்கரங்களின் பத்துத் திருகுகளும் புதிது. தம்பிக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. சாவியைத் தந்தார், டயரும் தந்தார், முகத்தை மட்டும் தூக்கிவைத்துக்கொண்டே இருந்தார். இவர் இறுக்கிவிட்டு நகர்ந்ததும் அக்காவின் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்ப்பார். இவரோ, பார்க்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் விலகி நிற்பார். எனக்குத்தான் பார்க்கப் பொறுக்கவில்லை. "உங்களுக்குக் கஷ்டமா இல்லையா?" என்று கேட்டேவிட்டேன். "கஷ்டந்தான்" என்றார். "ஆனா நாலு கண்ணு பாக்குறது வண்டிக்கு நல்லது சார்."

போன ஞாயிறு அந்த அம்மா மறுபடி ஓடுபாதையில் இறங்கும் முதல் நாள். நானும் போயிருந்தேன். எல்லாம் ஒழுங்காக முடிந்தது. இருபது டக், இருபது கோடு. அந்த அம்மா தலைக்கவசம் மாட்டி, தோளிலும் இடுப்பிலும் தொடைக்கு நடுவிலுமாக ஆறு பட்டைகளை இறுக்கி உட்கார்ந்தார். இவர்களுக்கு முன்னால் இரண்டே வண்டிகள். அப்போது பார்த்து என் கையில் ஒரு சொட்டு விழுந்தது.

மழை என்றால் வழுவழுப்பான டயர் உதவாது, வரி வெட்டிய டயருக்கு மாற்றியாக வேண்டும். நாலையும். சோதனைப் பெரியவர் பத்து நிமிடம் கொடுத்தார். தம்பி ஜாக்கியோடு ஓடினார். நான்கூடச் சக்கரம் உருட்டினேன். சக்கரங்கள் மாட்டி, வண்டி தரையில் இறங்கி, டார்க் ரெஞ்சைக் கையில் எடுத்தபோதுதான் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. பட்டைகளை அவிழ்த்து அந்த அம்மா இறங்கி, மறுபடி ஏறிக் கட்டிக்கொள்ள நேரமில்லை. தலைக்கவசத்துக்குள் அந்த டக் கேட்கவும் கேட்காது.

"அக்கா, பேனாவக் குடு. நான் போடறேன்" என்று தம்பி ஜன்னலில் கையை நீட்டினார்.

அந்த அம்மா கையுறைக்குள்ளிருந்து பேனாவை உருவினார். தம்பியின் கையைத் தாண்டி, பின்னால் ரெஞ்சோடு நின்றவரைப் பார்த்து நீட்டினார்.

"உன்ட்ட இல்லடா."

இவர் நகரவில்லை. "வேணாம்மா. அவன் போடட்டும்" என்றார்.

"ஏங்க, மழை பெய்யுது. சீக்கிரம்."

வாங்கிக்கொண்டார். முதல் சக்கரத்தின் முன் மண்டியிட்டு, சட்டையின் முனையை வெளியே இழுத்து, நட்டைத் துடைத்தார். இறுக்கினார். டக். மறுபடி துடைத்தார். அதற்கப்புறம்தான் கோடு. துடை, இறுக்கு, துடை, கோடு. அடுத்த நட்டு. தம்பி தன் மேலங்கியைக் கழற்றி அவர் தலைக்கும் சக்கரத்துக்கும் மேலாக விரித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் கூடவே போனார். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. இருபது.

எழுந்துபோய் ஜன்னலில் பேனாவை நீட்டினார். அந்த அம்மா அதை வாங்கவில்லை. தலைக்கவசத்தின் கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார். எஞ்சின் உறுமியது. வண்டி நகர்ந்து போன இடத்தில், நீட்டிய கையோடு கொஞ்ச நேரம் மழையில் நின்றார். பிறகு மூடியை அழுத்திப் போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.