ஐயனாருக்கு நேர்ந்துவிட்ட ராட்வீலர்

எங்கள் ஊர் ஐயனார் கோயிலுக்கு முன்னால் வண்டியில் உட்கார்ந்தபடி யாரும் போவதில்லை. சைக்கிள்காரர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போய், குதிரைச் சிலையைத் தாண்டியதும் ஏறிக்கொள்வார்கள். மோட்டார் சைக்கிள்காரர்கள் வேகத்தைக் குறைத்து, சீட்டிலிருந்து ஓர் அங்குலம் எழும்பி உட்காருவார்கள். ஐயனாருக்கு அந்த ஓர் அங்குலம் போதும் என்பது அவர்கள் நம்பிக்கை.

முத்தமிழ்செல்வன் மட்டும் இறங்கமாட்டார். உடையார்பாளையத்தில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். நாற்பது வருடங்களாகப் போகும்போதும் திரும்பும்போதும், கோயிலுக்கு நேரே வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து சைக்கிள் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போவார். சாமி இல்லை என்கிறவர் யாருக்கு மணி அடிக்கிறார் என்று கேட்டால், “இல்லைன்னு சொல்றதுக்குத்தான்” என்பார்.

அவர் அப்பா ஏதோ ஒரு கூட்டத்தைக் கேட்டுவிட்டு வந்து சாமியை விட்டவர். மகனுக்கு வந்த சொத்து அதுதான். மனைவி அம்பிகா வெள்ளி தவறாமல் ஐயனாருக்கு விளக்குப் போடுவார். கோயில் வரை கேரியரில் வைத்துக் கொண்டுபோய் விடுவது செல்வன்தான். அம்பிகா உள்ளே போய் வரும்வரை ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி சீட்டிலேயே இருப்பார். ஊன்றினால் இறங்கியதாக ஆகுமா என்று டீக்கடையில் ஒருமுறை விவாதம் நடந்து, ஆகாது என்று முடிவானது.

ஐயனாரின் அரிவாளுக்குப் பயப்படாத மனிதர் புரூனோவுக்குப் பயந்தார். புரூனோ, முந்திரித்தோப்பு வைத்திலிங்கம் திருச்சியிலிருந்து வாங்கிவந்த ராட்வீலர் நாய். மோட்டார் சைக்கிளை அது திரும்பிக்கூடப் பார்க்காது. பெடல் மிதிக்கும் கால்களைத்தான் அதற்குப் பிடிக்காது. தோப்பின் கேட் திறந்திருந்த ஒருநாள் செல்வனின் வேட்டியில் பாதியை எடுத்துக்கொண்டது.

“செல்வன்ணே, அது வெளையாடுது” என்றார் வைத்திலிங்கம்.

“என் வேட்டிய வச்சா வெளையாடும்? உன் வேட்டி என்னாச்சு?”

செல்வன் மனு எழுதினார். பேரூராட்சிக்கு எழுதினார், அரியலூருக்கே சைக்கிளில் போய்க் கலெக்டர் ஆபீஸ் திங்கட்கிழமைக் கூட்டத்தில் கொடுத்தார். பெரிய நகரங்களில் சில நாய் இனங்களுக்குத் தடை என்று டிவியில் செய்தி வந்த வாரம், எங்கள் பேரூராட்சிக்கும் நகரமாகிவிடும் ஆசை வந்தது. தீர்மானம் போட்டார்கள். இனி யாரும் அந்த இனங்களை வாங்கக் கூடாது. ஏற்கெனவே வைத்திருப்பவர் உரிமம் எடுத்து, தடுப்பூசி போட்டு, வெளியே வரும்போது நாயின் வாய்க்கு மூடி மாட்ட வேண்டும். கடித்தால் உரிமையாளர்மேல் வழக்கு. உரிமையாளர் இல்லாத நாயை, நாய் பிடிக்கும் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

வைத்திலிங்கத்தைக் கலக்கியது அந்த வழக்குதான். இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் புரூனோவைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, மேளத்தோடு கூட்டிவந்து ஐயனாருக்கு நேர்ந்துவிட்டார். கிடாயை, சேவலை நேர்ந்துவிடுவது உண்டு. நாயை விடக்கூடாது என்று எங்கும் எழுதவில்லை. பூசாரி ராஜராஜன் அதன் நெற்றியில் விபூதி பூசினார். சாமிமேல் யார் வழக்குப் போடுவது?

இப்படியாக, கேட்டுக்கு உள்ளே இருந்த நாய் செல்வனின் மனுவால் விடுதலையாகிச் சாலைக்கு வந்தது. நன்றாகவும் சாப்பிட்டது. ஐயனார் சைவம், பக்கத்திலிருக்கும் கருப்பசாமி அசைவம். புரூனோ இரண்டு இடத்திலும் பந்தியில் உட்கார்ந்தது. ஊரில் யாரையும் தொந்தரவு செய்யவில்லை, ஏனென்றால் கோயில் முன்னால் பெடல் மிதிக்கிறவர் ஊரில் ஒருவர்தான்.

நேர்ந்துவிட்ட மறுநாள் காலை செல்வன் நிமிர்ந்து உட்கார்ந்து மணியடித்தார். புரூனோ எழுந்தது. அவர் அழுத்தினார், அதுவும் அழுத்தியது. கெண்டைக்கால்மேல் மூச்சுக்காற்று பட்டதும் குதித்து இறங்கிவிட்டார். இறங்கியவுடன் நாய்க்கு அவரிடம் இருந்த அக்கறை போய்விட்டது. ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுக் கோயில் வாசலில் போய்ப் படுத்துக்கொண்டது. செல்வன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தார். குதிரைச் சிலையைத் தாண்டி ஏறினார்.

அவர் சாயங்காலம் வீடு திரும்புவதற்குள் செய்தி வந்து சேர்ந்திருந்தது.

“எறங்கிட்டீங்களாமே?” என்றார் அம்பிகா. குரலில் கேலி இல்லாதது செல்வனுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

“நாய்க்கு எறங்குனேன்.”

“யாரு நாயிங்க அது?”

அடுத்த சில நாட்கள் முந்திரிக்காட்டுக்குள் சுற்றிப் போனார். முள் தினமும் டியூபைப் பதம் பார்த்தது. மறுபடி சாலைக்கு வந்தார், மறுபடி இறங்கினார். பூசாரி ராஜராஜன் வாசலிலிருந்து மரியாதையாகத்தான் கேட்டார்: “வாங்க செல்வன். விபூதி தரட்டுங்களா?”

செல்வன் இன்னொரு மனு எழுதினார்.

இந்த முறை பேரூராட்சியிலிருந்து சுகாதார ஆய்வாளர் பானுப்ரியா வண்டியோடு வந்துவிட்டார். ஊர் கூடியது. புரூனோ, சர்க்கரைப் பொங்கல் ஒட்டிய மூக்கோடு, வண்டியை ஆர்வமாகப் பார்த்தது.

“இதுக்கு யாருங்க ஓனர்?”

“ஐயனாருங்க மேடம்” என்றார் வைத்திலிங்கம்.

“விளையாடாதீங்க. யாராவது கையெழுத்துப் போட்டா உரிமம் தரேன். இல்லைன்னா ஏத்திடுவேன்.”

பூசாரி இரண்டடி பின்வாங்கினார். “சாமி பொருளத் தன்னுதுன்னு நான் கையெழுத்துப் போட்டா என் வூடு வெளங்குமா? சாமி பேருலயே எழுதிக்குங்க. பட்டாவுல அவரு பேருல நெலமே இருக்கு. நாய் இருந்தா என்னவாம்?”

பானுப்ரியா யோசித்தார். காலையிலிருந்து இது அவருக்கு நான்காவது ஊர். “சரி” என்று பேனாவை எடுத்தார். “உரிமையாளர்... ஐயனார். அப்பா பேரு?”

அதுவரை தன் மனு வெற்றி பெறுவதைப் பார்க்க வந்து நின்ற செல்வனுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“மேடம், நிறுத்துங்க! கவர்மெண்ட் காயிதத்துல சாமி நாய் வளக்குதுன்னு எழுதுவீங்களா? நாளைக்கு அதையே காட்டி, பாரு சாமி இருக்குன்னு சொல்லுவானுவ!”

“அப்ப யாரு பேரு எழுதறது சார்? எனக்கு ஒரு ஆளு வேணும்.”

“என் பேர எழுதுங்க!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்குக் கேட்டது. அதற்குள் பானுப்ரியா எழுதிவிட்டார். ஊரில் சாமி குத்தத்துக்குப் பயப்படாமல் அந்தக் கையெழுத்தைப் போடக்கூடியவர் அவர் ஒருவர்தான் என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். வைத்திலிங்கம் கை குலுக்கினார்.

புரூனோ இப்போது செல்வன் வீட்டில் இருக்கிறது. அம்பிகாவுக்கு ஐயனாரே குடிவந்ததுபோல. தினமும் காலையில் வாய்க்கு மூடியோடு, செல்வனின் கையிலிருக்கும் கயிற்றில், சைக்கிளுக்குப் பக்கத்தில் ஓடிக் கடைக்குப் போகிறது. சொந்தக்காரரின் பெடலை நாய் மன்னித்துவிட்டது. பழையபடி மணியடித்துக்கொண்டே தாண்டிவிடலாம் என்றுதான் முதல் நாள் அவர் நினைத்தார்.

கோயில் வந்ததும் புரூனோ உட்கார்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்தார். அந்த எடை வரவில்லை, சைக்கிள்தான் சாய்ந்தது. இறங்கினார். பூசை மணி அடித்து, பொங்கல் வந்து, மூடியைக் கழற்றி அதைத் தின்ன விட்டபிறகுதான் நாய் எழுந்தது. அன்றுமுதல் அதுதான் வழக்கம். செல்வன் செருப்பைக் கழற்றுவதில்லை, கோயிலுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறார்.

முன்பெல்லாம் காலைப் பூசை, ராஜராஜன் எழுந்திருக்கும் நேரத்தைப் பொறுத்தது. இப்போது ஊரில் அந்தக் குறை இல்லை. விடிந்ததும் வாசலில் நின்று ஒரு குரல் கேட்கிறது:

“யோவ் பூசாரி, இன்னும் என்னய்யா பண்ற? சீக்கிரம் மணிய அடி, சாமிக்கு நேரமாவுது!”