அண்ணன் தலையில் ஒரு தொப்பி

எங்கள் சபைச் செயலாளருக்கு மைக் கிடைத்தால் போதும், செத்தவனையும் எழுப்பிவிட்டுத்தான் கீழே வைப்பார். என் அண்ணன் சாகவில்லை. பக்கவாதம் வந்தபின் கை கால் அசைவதில்லை, பேச்சில்லை, கண்ணும் எதையும் பின்தொடர்வதில்லை. நாங்கள் பேசுவது அவனுக்குக் கேட்கிறதா? அது மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தோம். ஒரு டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை.

அப்போதுதான் பொறியியல் கல்லூரியிலிருந்து ஒரு மலையாளத்து சார் வந்தார். மூளையில் ஓடும் அலைகளைப் படிக்கிற தொப்பி ஒன்று வைத்திருந்தார். வலது கையை மடக்குவதாக நினைத்தால் பச்சை விளக்கு எரியும், இடது கை என்றால் சிவப்பு. பச்சை 'ஆமாம்', சிவப்பு 'இல்லை'. தினமும் வந்து அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தார். விளக்கு சில நேரம் எரிந்தது, சில நேரம் எரியவில்லை. அதோடு விட்டிருந்தால் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன்.

செயலாளர் விட்டால்தானே. பாறசாலை முதல் நெய்யாற்றின்கரை வரை ஆள் சொல்லி, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபை ஹாலில் கூட்டம் போட்டுவிட்டார். நாலு பேர் பார்க்கப் போகிறார்களே என்று அண்ணன் பெண்டாட்டி, எங்கள் மைனி, அவன் தலையில் தேங்காய் எண்ணெய் வழியத் தேய்த்து, படிய வாரி அனுப்பினாள். எண்ணெய்த் தலையில் தொப்பியின் கம்பி பிடிக்குமா? திரையில் வெறும் கிறுக்கல். சாருக்கு வியர்த்தது. செயலாளர் பாலராமபுரம் கரைவேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய் அவர் காதில் ஏதோ சொன்னார். பச்சை விளக்கு எரிந்தது. சார் லேப்டாப்பில் விரலால் அமுக்கியதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். கூட்டம் அல்லேலூயா என்று அலறியது.

"அது நீங்களாக்கும் அமுக்கினது" என்றேன்.

"டெமோ அல்லே சேச்சி" என்று சிரித்தார். படித்தவன் செய்தால் பித்தலாட்டத்துக்கும் ஒரு இங்கிலீஷ் பேர் உண்டு.

நான் அவரை விடவில்லை. மறுநாள் மைனி அண்ணன் தலையை ஷாம்பூ போட்டு அலசினாள், சாரை வீட்டுக்கு வரவழைத்தேன். போட்டோ எடுக்கச் செயலாளரும் வந்து நின்றார். சாரின் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

"அண்ணே, நான் பேசுறது கேக்குதா?"

பச்சை. மைனி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நேத்து சபையில விளக்கு எரியவச்சது நீயாக்குமா?"

சிவப்பு. மறுபடியும் கேட்டேன், சிவப்புதான். "அப்போ நீ இல்லியா?" என்று மாற்றிக் கேட்டேன். பச்சை.

சார் தலையைத் தொங்கப் போட்டார். செயலாளருக்கோ எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி. "மக்கா, மிஷினு தப்பாக்கும் காட்டுது" என்றார்.

இத்தனை காலம் கழித்து என் அண்ணன் வாய்விட்ட பேச்சைப் பொய் என்றார் அந்த மனுஷன். அவனுக்குக் கேட்கும் என்று தெரிந்த பிறகு, அவன் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு சொன்னார்.